கம்பியில் செவி வைத்தவர்

கூடத்தில் ஒரு கணிப்பொறியும் உள்ளறையில் ஒரு மடிக்கணினியும் இருக்கும் இல்லங்களில், ஒன்றிலுள்ள கல்யாணப் புகைப்படங்களையோ வரவுசெலவுக் கணக்கையோ மற்றொன்றுக்கு அனுப்புவது இன்று ஒரு காரியமாகவே எவருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் ஒரே கூரையின் கீழிருந்த இரண்டு யந்திரங்கள் ஒன்றோடொன்று பேச வழியின்றி, 1.44 மெகாபைட் மட்டுமே கொள்ளும் ஃபிளாப்பிகளில் ஒரு பெரிய கோப்பைத் துண்டு துண்டாக்கி நிரப்பி, அவற்றை வரிசை பிசகாமல் கையிலெடுத்துச் சென்று, பத்தாவது ஃபிளாப்பி பழுதாகிவிட்டால் முன்னைய ஒன்பதும் வீணாகிவிடுமே என்று அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. அது வெகு தூரத்துக் காலமும் அன்று. அந்த நிலை மாறிய விருத்தாந்தத்தில் பெரிய ஸ்தாபனங்களுக்கு உரிய பங்கு உண்டு. ஆயினும், ஆஸ்திரேலியாவில் ஒரு மாணவர் கம்பியில் செவி வைத்துப் பொறுமையோடு கேட்டதுதான் எனக்கு அதில் மிக உயர்ந்த பகுதியாகப் படுகிறது.

முதலில் அந்தக் கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1973-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் தேதி, கலிபோர்னியாவில் பாலோ ஆல்ட்டோ நகரிலிருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பவர், பல கணிப்பொறிகளை ஒரே கேபிளில் கோத்துப் பேச வைக்கும் யோசனையை ஒரு குறிப்பாக எழுதினார். ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சனின் குழுவினர் வானொலி அலைகளின் வழியே அமைத்திருந்த அலோஹா வலையமைப்பு அவருக்கு வழிகாட்டிற்று: எல்லோரும் ஒரே வெளியில் பேசலாம், இருவர் பேச்சு மோதிக்கொண்டால் இருவரும் ஓய்ந்து, வெவ்வேறு அளவு நேரம் பொறுத்து, மறுபடியும் பேச வேண்டும். ஒளியைச் சுமந்து செல்வதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பௌதிக சாஸ்திரிகள் எண்ணியிருந்த ஈதர் என்னும் சூக்ஷ்ம வஸ்துவின் பெயரை அவர் இந்த ஏற்பாட்டுக்குச் சூட்டினார். ஈதர்நெட் என்ற பெயர் வந்தது அவ்வாறுதான். ஆகாசத்தின் குணம் சப்தம் என்று சொல்லிவந்த தர்க்க சாஸ்திரத்தை அறிந்த நமக்கு, பேச்சைச் சுமக்கும் ஒரு கம்பிக்கு இப்பெயர் வெகு பொருத்தமாகவே தோன்றும். மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் அமைத்த முதல் கம்பியில் வினாடிக்கு 2.94 மெகாபிட் சென்றது.

கம்பி இருந்தால் மட்டும் போதாது. பேசுவதற்குப் பாஷை வேண்டும். 1980-களின் முற்பகுதியில் ஐபிஎம் ஸ்தாபனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவர், அடுத்த யந்திரத்திலுள்ள கோப்பைத் தன் வட்டிலுள்ளதைப் போலவே திறக்கவும் படிக்கவும் மூடவும் ஏதுவாக ஒரு பாஷையை வகுத்தார். எஸ்.எம்.பி. என்று வழங்கும் அதனை மைக்ரோசாஃப்ட் ஏற்று விரிவாக்கிற்று. அக்காலத்தில் அது வழங்கிய கம்பிகளில் ஒரு யந்திரம் விழித்தெழுந்தவுடன் செய்யும் காரியம், பதினைந்து எழுத்துக்கு மேற்படாத தன் பெயரை உரக்கக் கூவி, இப்பெயருடையார் வேறெவரும் உண்டோ என்று கேட்பதாகும். மறுமொழி வராவிட்டால் பெயர் அதற்கே உரியதாயிற்று. பின்பு யந்திரங்கள் தமக்குள் ஒரு தேர்தலே நடத்தி, ஒன்றைத் தலைமைக்குத் தேர்ந்து, யார் யார் இருக்கிறார்கள் என்னும் ஜாபிதாவை அதனிடம் ஒப்படைக்கும். 12 நிமிஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றும் தன் இருப்பை அறிவிக்க வேண்டும். மூன்று முறை தவறினாலன்றிப் பெயர் ஜாபிதாவிலிருந்து நீங்காது. ஆகையால், 1995-இல் வெளிவந்த விண்டோஸில் 'நெட்வொர்க் நெய்பர்ஹுட்' என்பதைத் திறந்து பார்த்தவர்கள், மின்சாரம் போய் அரைமணி நேரமாக அணைந்து கிடக்கும் கணிப்பொறியின் பெயர் அங்கே வீற்றிருப்பதையும், கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கும் மற்றொன்றின் பெயர் காணாமலிருப்பதையும் கண்டு மயங்கினார்கள்.

இந்தப் பாஷையை அறியாத யந்திரங்களின் கதி என்ன? 1991 முடிந்து 1992 பிறந்த சமயத்தில், கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசிய சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவருக்கு, தம் டாஸ் கணிப்பொறியிலிருந்து ஒரு யூனிக்ஸ் யந்திரத்தின் வட்டை அடைய வேண்டியிருந்தது. கைவசமிருந்தது டிஜிட்டல் ஸ்தாபனத்தின் பாத்வொர்க்ஸ் என்னும் மென்பொருள்; அது பேசும் பாஷைக்கு இலக்கணம் ஏதும் அவரிடம் இல்லை. கம்பியில் போகும் ஒவ்வொரு பொட்டலத்தையும் பிடித்துக் காட்டும் ஒரு சிறு நிரலை எழுதி, கேள்விக்கு என்ன பதில் வருகிறதென்று பார்த்துப் பார்த்து, பதில் சொல்லும் யந்திரத்தைப் போலவே தம் யூனிக்ஸையும் பேசப் பழக்கினார். இதைப் பிற்காலத்தில் அவரே ஒரு திருஷ்டாந்தத்தால் விளக்கினார். பிரெஞ்சு ஒரு சொல்லும் அறியாதவர் பிரெஞ்சுக்காரரின் உணவுக்கடையில் அமர்ந்து, பக்கத்து மேஜைக்காரர் என்ன சொன்னார், பரிசாரகர் என்ன கொண்டுவந்து வைத்தார் என்று கவனித்துக்கொண்டேயிருந்தால், நாளடைவில் தமக்கு வேண்டியதைத் தாமே கேட்டு வாங்கிவிடலாம் அல்லவா? குழந்தைகள் தாய்மொழியைக் கற்பதும் ஏறக்குறைய இவ்வாறே என்பதை எண்ணும்போது, இதைத் திருட்டென்று சொல்ல எவருக்கு வாய் வரும்!

அந்த நிரலை வெளியிட்டுவிட்டு அவர் தம் வேறு வேலைகளில் ஈடுபட்டார். ஏறத்தாழ இரண்டு வருஷம் கழித்து, வீட்டில் தம் மனைவியாரின் விண்டோஸ் கணிப்பொறியைத் தம் லினக்ஸ் யந்திரத்தோடு இணைக்க விரும்பி, வேறு வழியின்றிப் பழைய நிரலையே எடுத்து ஓட்டிப் பார்த்தார். அது வேலை செய்தது கண்டு அவருக்கே ஆச்சரியம் உண்டாயிற்று. ஒரு ஸ்தாபனத்தின் தனிப் பாஷை என்று தாம் எண்ணியிருந்தது விண்டோஸும் பேசும் எஸ்.எம்.பி.யே என்று பின்னர் அறிந்தார். நிரலுக்கு முதலில் இட்ட பெயர் வேறொரு நிறுவனத்துக்கு உரிமையானதாக இருந்தமையால், எஸ், எம், பி என்னும் எழுத்துக்கள் இதே முறையில் வரும் சொற்களை அகராதியில் தேடச் செய்தார். கிடைத்தவற்றுள் 'சாம்பா' என்னும் நடனத்தின் பெயரைத் தெரிந்தெடுத்தார். கூலி கேட்கவில்லை, விருப்பமுள்ளவர்கள் ஒரு பீட்ஸாவுக்கு வகை செய்தால் போதும் என்றார்.

இவ்வாறு செவிவழியே கற்ற எஸ்.எம்.பி. பாஷையின் இலக்கணத்தை வெளியிட வேண்டுமென்று ஐரோப்பிய ஆணையம் 2004-இல் மைக்ரோசாஃப்டுக்கு உத்தரவிட்டது. அவ்வழக்கு லக்ஸம்பர்க் நீதிமன்றத்துக்குச் சென்றபோது டிரிட்ஜெல் நேரில் சென்று விஷயத்தை விளக்கினார். 2007 செப்டம்பரில் தீர்ப்பு ஆணையத்தின் பக்கமே வந்தது. அவ்வருஷம் டிசம்பரில், 10,000 யூரோ ஒரே முறை செலுத்தி, டிரிட்ஜெலும் அவரோடு சேர்ந்த சாம்பா குழுவினரும் அந்த இலக்கண ஆவணங்களைப் பெற்றார்கள். பதினைந்து வருஷம் செவிவழியே பழகிய பாஷையின் இலக்கண நூல் கைக்கு வந்ததும், அவர்கள் அதை வரி வரியாகத் தங்கள் சோதனைகளோடு ஒப்பிட்டார்கள். கம்பியில் நடப்பதற்கும் நூலில் எழுதியிருப்பதற்கும் பேதம் கண்ட இடங்களை மைக்ரோசாஃப்டின் பொறியாளர்களுக்கு எழுதித் தெரிவித்தார்கள். அவர்களும் நூலைத் திருத்திக்கொண்டார்கள்.