இரங்கூனிலிருந்து ஒரு தொலைபேசி

ஒரகடத்தை ஒட்டிய வாலாஜாபாத் சாலையில், தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து நிற்குமிடத்துத் தேநீர்க் கடையில் சென்ற ஆண்டு நான் கேட்ட பாடலொன்றைப் பற்றியே இம்மலருக்கு எழுதத் துணிந்தேன். இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில், அதுவும் தமிழாசிரியை ஒருத்தி, பழைய இந்தித் திரைப்பாடலைப் பேசுவதா என்று அன்பர்கள் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். முழுவதும் படித்தபின் நெரிக்கட்டும்.

முதல் ஷிப்டு விட்ட பிற்பகல். சீருடை களையாத வடநாட்டு இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் பாடலொன்றை ஒலிக்கவிட்டிருந்தார். ஆணும் பெண்ணும் மாறிமாறிப் பாடும் துள்ளலிசை. இடையே 'இரங்கூன்' என்ற சொல் என் செவியில் விழுந்தது. எனக்கு இந்தி தெரியாது. மூன்றாண்டுகளாக இங்கிருக்கும் அவருக்கோ ஓரளவு தமிழ் தெரியும். அவரே பொருள் சொன்னார். கணவன் இரங்கூனுக்குப் போயிருக்கிறான். அங்கிருந்து டேராடூனில் இருக்கும் மனைவிக்குத் தொலைபேசியில் பேசுகிறான். பிரிவு வாட்டுகிறதென்று இருவரும் முறையிடுகின்றனர். பீகாரின் சிவான் மாவட்டத்தில் தம் பாட்டனார் பாடக் கேட்டதாம். "பாடியவர் யார், தம்பி?" என்றேன். "தெரியாது மேடம், பழைய பாட்டு" என்றார்.

பொருள்வயிற் பிரிவை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துபவள் நான். அகநானூற்றுத் தலைவன் கடக்கும் சுரத்துக்கு மாற்றாக ஒரு தொலைபேசிக் கம்பி, எஞ்சியவை அவையே. இரங்கூன் என்ற பெயரும் தமிழ்ச் செவிக்கு வெறும் ஊர்ப்பெயரன்று. கொண்டுவிற்கச் சென்ற செட்டிநாட்டாரும், மூட்டை சுமக்கச் சென்ற ஏழைகளும் வாழ்ந்த ஊர் அது. சப்பானியர் குண்டு வீசியதும் 1942இல் காடும் மலையும் நடந்தே மீண்டவர் பலர். வழியில் மாண்டவரும் பலர். அந்நினைவு ஆறாத 1949ஆம் ஆண்டில்தான் 'பதங்கா' என்ற படத்தில் இப்பாடல் வந்தது. கேலிப்பாடலாகவே அது எழுதப்பட்டதென்பதை மறுக்கவில்லை. ஆயினும், தேநீர்க் கடையில் அதனை அந்த இளைஞர் கேட்டிருந்த முகத்தில் கேலி இல்லை.

பாடியவர் பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. அதற்குக் காரணம் என் தந்தையாரின் குறிப்பேடு. 1965ஆம் ஆண்டு மொழிப்போரில் மாணவராக ஊர்வலம் சென்றவர் அவர். அவரே காலைதோறும் இலங்கை வானொலியின் இந்திச் சேவையில் பழம்பாடல்களைக் கேட்பார். எட்டு மணியை நெருங்கும்போது சைகாலின் பாடலொன்றோடு அந்நிகழ்ச்சி நிறைவுறும். இது முரணல்லவா என்று கேட்டால், "திணித்ததைத்தானே எதிர்த்தோம், பாட்டை யார் எதிர்த்தார்?" என்பார். அறிவிப்பாளர் சொல்லும் பெயர்களைத் தமிழெழுத்தில் குறித்துவைப்பார்.

இந்திய வானொலி கேட்டிருக்கலாமே எனில், அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் திரைப்பாடல்கள் தரங்குறைந்தவை என்று கருதி அவற்றை அரசு வானொலியில் ஒடுக்கினார். கேட்போர் திரளாக இலங்கை வானொலிக்குத் திரும்பினர். 1957 அக்டோபர் 3ஆம் நாள் 'விவித பாரதி' தொடங்கப்பெற்றது, இழந்த செவிகளை மீட்கத்தான். செவ்வியல் இசையை வளர்க்க விரும்பியவர் இலங்கை வானொலியை வளர்த்துவிட்டார்.

இங்கே பெயர் என்பது சிறிய செய்தியன்று. 1949இல் வெளிவந்த 'மகல்' படத்தில் கேம்சந்த் பிரகாஷ் இசையில் லதா மங்கேஷ்கர் பாடிய புகழ்மிக்க பாடலின் இசைத்தட்டில் முதலில் அச்சிடப்பட்டிருந்த பெயர் காமினி. அது கதைமாந்தரின் பெயர். பாடியவர் யாரென்று வானொலி நிலையத்திற்குக் கடிதங்கள் குவிந்த பின்னரே லதாவின் பெயர் வெளிப்பட்டது. குறுந்தொகையை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. செம்புலப்பெயல்நீரார், அணிலாடுமுன்றிலார் என்று பாட்டின் தொடரையே பெயராகத் தாங்கி நிற்கும் புலவர்களின் இயற்பெயரை நாம் இழந்துவிட்டோம். கடிதம் எழுதிக் கேட்க அன்று வானொலி இல்லை.

அந்த 'இரங்கூன்' பாடலின் ஆண்குரல் சிதல்கர் என்பாருடையது. அவரே அதன் இசையமைப்பாளர் சி.இராமச்சந்திரா. அகமதுநகர் மாவட்டத்துப் புண்தாம்பாவில் 1918இல் பிறந்த மராட்டியர். முழுப்பெயர் இராமச்சந்திர நர்கர் சிதல்கர். இசையமைத்தால் ஒரு பெயர், பாடினால் மற்றொன்று. இவையன்றி வேறு பெயர்களிலும் சில படங்களுக்கு இசையமைத்துள்ளார். நாம் மறந்துவிட்ட செய்தி யாதெனில், இசையமைப்பாளராக அவர் அறிமுகமானது தமிழ்ப் படங்களில் என்பதே. பகவான் இயக்கிய 'ஜயக்கொடி' (1940), தவமணி தேவி நடித்த 'வனமோகினி' (1941) ஆகியவற்றில் இசையமைத்த பின்னரே இந்தியில் தனித்து இசையமைத்தார். அதே பகவானுடன் இணைந்த 'அல்பேலா' (1951) வடநாட்டையே ஆடவைத்தது. கிளாரினெட்டையும் டிரம்பெட்டையும் பாங்கோவையும் இந்தியில் இத்துணைக் குதூகலத்தோடு புழங்கவிட்டவர் அவருக்கு முன் அரியர். 'அனார்கலி'யில் (1953) அவரே கண்ணீரின் இசையையும் தந்தார். என் தேர்வு அதுவே.

தமிழகம் அவரை மீண்டும் அழைத்தது. கோவைப் பட்சிராஜா நிறுவனத்தார் தம் 'மலைக்கள்ள'னை இந்தியில் 'ஆசாத்' (1955) என எடுத்தபோது, ஒரு திங்களுக்குள் பாடல்கள் அனைத்தும் வேண்டுமென்றனராம். நௌஷத் மறுத்துவிட, இராமச்சந்திரா ஏற்று முடித்தார் என்பர். 1958இல் வாசனின் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' வந்தது. பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டியிட்டு ஆடும் அந்த நடனத்தைத் தமிழர் இன்றும் மறக்கவில்லை; பி.லீலா, ஜிக்கி குரல்களையும் மறக்கவில்லை. இசையமைத்தவர் யாரென்று என் முதுகலை மாணவியரைக் கேட்டேன். விஸ்வநாதன்–இராமமூர்த்தி என்றனர் சிலர், பலர் பேசாதிருந்தனர்.

பெண்குரல் சம்சாத் பேகத்தினுடையது. 1919இல் பிறந்து இலாகூரில் பாடத் தொடங்கியவர். பாடலாம், படம் எடுக்கக் கூடாது என்பது தந்தையார் விதித்த கட்டளை. எனவே, நாடெங்கும் ஒலித்த குரலின் முகம் நெடுங்காலம் எவருக்கும் தெரியாதிருந்தது. 2004இல் அவர் முன்னரே மறைந்துவிட்டதாக ஏடுகள் எழுதின. 1998இல் மறைந்தவர் அதே பெயருடைய வேறொருவர். நடிகை சாயிரா பானுவின் பாட்டியார். பாடகியோ மும்பையில் மகள் வீட்டில் உயிரோடிருந்தார். 2009இல் பத்மபூஷண் பெற்று, 2013 ஏப்ரலில்தான் காலமானார்.

இவற்றுள் சிறிது அவ்விளைஞரிடம் சொன்னேன். அந்த ஆண்குரலுக்கு உரியவர் முதலில் இசையமைத்தது தமிழ்ப் படத்துக்கு என்றபோது நம்பாமல் சிரித்தார். பிறகு பெயர்களை எழுதித் தரும்படி கேட்டார். பழக்கதோஷத்தால் தந்தையாரைப்போலவே தமிழெழுத்தில் எழுதிவிட்டு, தவறுணர்ந்து ஆங்கிலத்தில் எழுதித் தாளை மாற்றித் தர முயன்றேன். "இருக்கட்டும் மேடம்" என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அறையில் திருவண்ணாமலைப் பையன் ஒருவன் இருக்கிறானாம், அவன் படித்துச் சொல்வானாம். அதற்குள் பேருந்து வந்துவிட்டது.