மிளகு மணக்கும் வீதியும் சைரந்திரி வனமும்

கொச்சங்காடியில் வாழும் நம்மவர் எவருக்கும் மிளகின் மணம் புதிதன்று. மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் மிளகும் சுக்கும் ஏலமும் மூட்டை மூட்டையாய் அடுக்கியிருக்கக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். 1957-ஆம் ஆண்டில் மிளகு வாணிகத்திற்கென்றே இங்கு ஒரு தனிச் சந்தை அமைப்பு நிறுவப்பெற்றது. ஆயினும், அம்மிளகின் காட்டு இனங்கள் இன்றும் தாமே படர்ந்து நிற்கும் ஒரு வனத்தை நம்மில் அறிந்தோர் சிலரே. அவ்வனம் பிழைத்த வரலாற்றைக் கூற விழைகின்றேன். நான் கல்லூரிப் படி ஏறாதவன். இரயில்வே அலுவலகத்தில் கணக்கு எழுதிக் காலங் கழிப்பவன். குறையிருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்க.

பாலக்காட்டு மாவட்டத்தில், நீலகிரியை அடுத்த மலைச்சரிவில், குந்திப்புழை என்னும் ஆறு பாய்கின்றது. அதன் கரையிலுள்ள காட்டை மக்கள் சைரந்திரி வனம் என்பர். சைரந்திரி என்பது விராட நகரில் மறைந்துறைந்த பாஞ்சாலி பூண்ட பெயர். வனத்திற்கு மருமகள் பெயர், ஆற்றுக்கு மாமியார் பெயர்; இருவரும் இங்கே பிணக்கின்றி வாழ்கின்றனர்! சிள்வண்டின் ஒலி அங்குக் கேளாமையால் ஆங்கிலேயர் அதனைச் 'சைலண்ட் வேலி' என்றழைத்தனர் என்று கூறுவதுண்டு.

மின்நிலையத்திற்கு ஏற்ற இடமென 1928-லேயே இது குறிக்கப்பட்டது. பின்னர் 120 மெகாவாட் திட்டம் உருவாகி, 1973-இல் திட்டக் கமிஷனின் இசைவையும் பெற்றது. அணை எழுந்திருப்பின் சுமார் 830 ஹெக்டேர் நிலம் நீரில் மூழ்கியிருக்கும்.

இதனைத் தடுக்க முன்வந்தவர்களுள் முதன்மையானது கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து. தாய்மொழியில் விஞ்ஞானத்தைப் பரப்ப 1962-இல் தோன்றிய சங்கம் அது. ஊதியங் கருதாது உழைத்த ஆசிரியர்கள் பலர் அதில் இருந்தனர். அவர்கள் ஏற்றது எளிய வழக்கன்று. மலபாரில் விளக்கில்லா வீடுகளும் வேலையில்லா இளைஞரும் மிகுந்திருந்த காலம். "குரங்கு பெரிதா, மனிதன் பெரிதா?" என்று அவர்களை ஏளனம் செய்தோர் பலர். மரவுச்சியிலேயே வாழும் சிங்கவால் குரங்கிற்கு அக்காடு புகலிடமாதலின் எழுந்த கேள்வி அது. கேட்டவர்களை நான் பழிக்க மாட்டேன். இருளில் இருப்பவன் விளக்கைத்தானே கேட்பான்!

பரிஷத்தார் அதற்குக் கணக்கால் விடை கூறினர். தாவரவியல் பேராசிரியர் எம். கே. பிரசாத், பொருளியலார் கே. பி. கண்ணன், மின்பொறியாளர்கள் ஆகியோர் கூடியிருந்து, 1979-இல் ஓர் ஆய்வு நூல் வெளியிட்டனர். இத்திட்டத்தைக் கைவிட்டாலும் மலபாருக்கு வேறு வழியில் மின்சாரம் தரலாகும் என்பது அதன் முடிவு. கணக்கெழுதும் எனக்கு இச்செயலே எல்லாவற்றினும் பெரிதாகத் தோன்றுகின்றது.

கவிஞர்களும் வாளாவிருக்கவில்லை. சுகதகுமாரி அம்மையார் இயற்றிய 'மரத்தினு ஸ்துதி' கூட்டந்தோறும் கடவுள் வாழ்த்துப் போலப் பாடப்பெற்றது. பரிஷத்தாரோ 1980 முதல் பாட்டும் நாடகமுமாகக் கலைப் பயணம் நடத்தி, விஞ்ஞானத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். அவ்வாண்டின் தொடக்கத்தில், நமக்கு எதிர்க்கரையான எரணாகுளத்து உயர்நீதிமன்றம் திட்டத்திற்கு எதிரான மனுக்களைத் தள்ளிவிட்டது. அத்துடன் எல்லாம் முடிந்தது என்றே பலர் எண்ணியிருப்பர்.

முடியவில்லை. கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன், அக்காட்டிலுள்ள பயிரினங்களின் மூலவித்துக்களைக் காக்க வேண்டுமென முன்னமே மத்திய அரசுக்கு எழுதியிருந்தார். பிரதமர் இந்திரா காந்தியும் அதில் கருத்துச் செலுத்தினார். எம். ஜி. கே. மேனன் தலைமையில் அமைந்த குழு ஆராய்ந்தபின், 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்று, 1985 செப்டம்பர் 7-ஆம் நாள் ராஜீவ் காந்தியால் திறந்து வைக்கப்பெற்றது. மறு ஆண்டிலே தமிழகம், கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலக் காடுகளையும் இணைத்து நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் அமைந்தது. இந்தியாவில் அத்தகையவற்றுள் முதலாவது அதுவே.

பாலக்காடு வரை இரயிலில் சென்று, மண்ணார்க்காடு வழியாக முக்காலியை அடைந்தால், அங்கிருந்து வனத்துறை வண்டியில் 23 கிலோமீட்டரில் சைரந்திரி. அணை கட்டக் குறித்த இடத்தினருகே இன்று ஒரு பார்வைக் கோபுரம் நிற்கின்றது. கீழே குந்திப்புழை தடையின்றி ஓடுகின்றது.