ஸ்னூக்கர்: ஃபவுல் விதிகளும் நடுநிலையும்

ஸ்னூக்கரில் விதிமீறலை ஃபவுல் என்பர். 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற படை அதிகாரி வகுத்த இந்த ஆட்டத்தின் விதிகள், 1880களில் உதகமண்டலம் கிளப்பில் எழுத்து வடிவம் பெற்றன. இன்று ஒரு ஃபவுலுக்குக் குறைந்தது 4, கூடியது 7 புள்ளிகள் எதிராளிக்குச் சேரும். வெள்ளைப் பந்து பைக்குள் விழுவதும், சட்டை பந்தில் உரசுவதும் கண்ணால் கண்டு தீர்க்கக்கூடியவை. ஆகவே அவற்றில் தொழில்முறை ஆட்டக்காரருக்கும் ஊர்க் கிளப் ஆட்டக்காரருக்கும் வேறுபாடு காட்ட இடமில்லை.

சிக்கல் ‘மிஸ்’ அறிவிப்பில்தான் எழுகிறது. ஆட வேண்டிய பந்தைத் தொட ஒருவர் தம் திறமைக்கு ஏற்ப முயலவில்லை என்று நடுவர் கருதினால், பந்துகளைப் பழைய இடத்தில் வைத்து மீண்டும் ஆடச் சொல்லும் உரிமை எதிராளிக்குக் கிடைக்கும். விதியே ஆட்டக்காரரின் திறமையை அளவுகோலாக வைத்திருக்கும்போது, தொழில்முறைக் கண்டிப்பைப் புதியவர்மேல் சுமத்துவது அந்த விதிக்கே முரண். புதியவரிடம் இப்படித் தளர்வு காட்டினால் வேண்டுமென்றே தவறவிடுவோர் தப்பிவிடுவார்கள் என்பர். அப்படியில்லை: ஃபவுல் செய்தவரையே அடுத்த அடியையும் ஆடவைக்கலாம், நேரே தொடக்கூடிய பந்தை மூன்று முறை தொடர்ந்து தவறவிட்டால், முன்னெச்சரிக்கைக்குப் பின், அந்த ஆட்டச் சுற்றே (ஃபிரேம்) பறிபோகும்.

நடுவர் இல்லாத ஆட்டத்தில் எதிராளியே நடுவர் என்கிறது விதி. ஆதாயம் உள்ளவரே தீர்ப்புச் சொல்லும் இந்த நிலையில், ஐயம் எழுந்தால் அடித்தவருக்குச் சாதகமாக முடிப்பதே நேர்மை. தன் ஃபவுலைத் தானே சொல்லும் வழக்கம் அந்தச் சலுகைக்கு ஈடாக நிற்கிறது.