ஓடுகிற சர்வரில் மொழி மாற்றிய சரித்திரம்

பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிந்தது. கும்பப்பூ அறுப்பு முடிந்து அணையை அடைத்த பிறகுதான் நம்ம ஊர்ல கால்வாய் தூர் வாருவதும், மடை பழுது பார்ப்பதும். ஆனால் இரவு பகலாக ஓடுகிற இணைய சர்வருக்கு அடைப்புக் காலம் என்று ஒன்று கிடையாது. அதன் மொழியைப் புதுப்பிப்பது எப்படி? அதுவும் ஒரு சரித்திரமாக்கும்.

ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தம் சொந்தப் பக்கத்துக்காக எழுதிய சிறு கருவிகளை 1995 ஜூனில் வெளியிட்டார். அதுதான் பி.எச்.பி. 1998-இல் மூன்றாம் பதிப்பு, 2000-இல் நான்கு, 2004-இல் ஐந்து என்று வளர்ந்தது. எழுத எளிது, செலவும் இல்லை. ஆகவே எத்தனையோ தளங்கள் அதிலேயே எழும்பின.

எளிமைக்கு ஒரு விலை இருந்தது. படிவத்தில் யார் எதை அனுப்பினாலும் அது நேரே நிரலின் மாறியாகிவிடும் 'ரெஜிஸ்டர் குளோபல்ஸ்' வசதி, திருடனுக்குத் திறந்து வைத்த வாசல். 2002-இல் 4.2 பதிப்பு அதை அணைத்து வைத்தது, 2012-இல் 5.4 அடியோடு நீக்கியது. தகவல் தளத்தோடு பேசும் பழைய 'மைஎஸ்க்யூஎல்' கட்டளைகள் 2015 டிசம்பரில் வந்த 7.0-இல் போய்விட்டன. யூனிகோடு கனவோடு தொடங்கிய ஆறாம் பதிப்பு வெளிவராமலே கைவிடப்பட்டது.

தமிழுக்குத் தனியாக ஓர் இடி விழுந்தது. யூனிகோடு பரவுமுன் டிஸ்கி, டாப், டாம் என்ற குறியீடுகளில் தமிழ் எழுதி வைத்தோம். 5.4 பதிப்பில் 'எச்டிஎம்எல் ஸ்பெஷல்சார்ஸ்' என்ற கட்டளை, வருவதெல்லாம் யூடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொண்டது. பொருந்தாத எழுத்தைக் கண்டால் பிழை சொல்லாது. வெறும் வெற்றிடத்தைத் திருப்பித் தரும். பக்கம் திறக்கும், எழுத்து இருக்காது! பார்க்கிறவன், சேதி அழிஞ்சே போச்சுன்னுதான் நினைப்பான்.

இனி, நன்றாகச் செய்தவர்களைப் பார்ப்போம். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் பி.எச்.பி.யில் எழுதிய மீடியாவிக்கியில்தான் ஓடுகிறது. விக்கிமீடியா 2014-இல் எச்எச்விஎம் என்ற வேக இயந்திரத்துக்கு மாறியது. அது பி.எச்.பி.யோடு ஒத்துப்போவதை விட்டுவிடுவதாக 2017-இல் அறிவிப்பு வந்ததும், 2019-இல் பி.எச்.பி. 7-க்குத் திரும்பினார்கள். ஒரே நாளில் அல்ல! முதலில் விரும்பிய சிலருக்கு மட்டும். பிறகு வாசகர்களில் சிறு பங்கு. பிழைப் பதிவேட்டைப் பார்த்துப் பார்த்துப் பங்கைக் கூட்டினார்கள். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதால், கோளாறு கண்டால் திரும்ப வழி இருந்தது.

சின்ன தளத்துக்கும் இதே பாதைதான். முழு நகல் எடுங்கள். எடுத்தால் மட்டும் போதாது, அந்த நகலை வேறொரு கணினியில் ஏற்றி ஓடுகிறதா என்று பார்த்துக்கிடணும். அங்கே புதிய பதிப்பை வைத்து, எல்லா எச்சரிக்கைகளையும் காட்டச் செய்து, ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டும். நீக்கப்பட்ட கட்டளைகளை மாற்றி, தமிழ்ப் பக்கங்களைக் கண்ணால் வாசித்துச் சரிபார்த்த பின்தான் உண்மையான சர்வருக்குப் போகணும். பழைய பதிப்பை உடனே அழிக்கக் கூடாது.

'ஓடுது, விட்டுரு' என்று இருப்பதும் ஆபத்துதான். 5.6 பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் 2018 டிசம்பர் 31-உடன் நின்றுவிட்டது. தேர்வு முடிவும், பழைய மாணவர் பட்டியலும், பழைய மலர்களும் இருக்கிற தளத்தை அப்படி விடலாமா? கணினி படிக்கிற தம்பி தங்கையரே, புதிதாய்க் கட்டுவது பெருமை. பழையதை உடையாமல் புதுப்பித்துத் தருவது அதைவிடப் பெரிய தொண்டு.