கண்ணியும் வாரியும்

சங்கப் பாடல்களில் கண்ணி என்றால் தலையில் சூடும் மாலை. காடைக்கும் கௌதாரிக்கும் வைக்கும் சுருக்கும் கண்ணிதான். கப்பலுக்காக நீருக்குள் காத்துக் கிடக்கும் வெடிக்குப் பெயர் வைத்தவர்கள் இந்த இரண்டாவது பொருளைப் பிடித்துக்கொண்டார்கள். அது எறிவதுமில்லை, சுடுவதுமில்லை, வைத்துவிட்டு வருவது. ஆங்கிலத்தின் ‘மைன்’ வேறு வழியாக வந்தது. கோட்டைச் சுவருக்கு அடியில் தோண்டிய சுரங்கத்துக்கு அந்தப் பெயர் இருந்தது. பிறகு சுரங்கத்தில் திணித்த வெடிமருந்துக்கும் அதுவே பெயராகி, கடைசியில் சுரங்கமே இல்லாத கடலுக்குள்ளும் போய்விட்டது.

கடலில் அதற்கு முன்பிருந்த பெயர் டார்ப்பிடோ. தொட்டவரை மரத்துப்போக வைக்கும் மின் திருக்கையின் லத்தீன் பெயர் அது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல் மொபைல் விரிகுடாவில் அட்மிரல் ஃபாரகட்டின் கப்பல்களை மறித்த டார்ப்பிடோக்கள் உண்மையில் கடற்கண்ணிகள். 1866இல் ராபர்ட் ஒயிட்ஹெட் தானே நீந்திப் போகும் ஆயுதத்தைச் செய்தார். அதன்பின் பெயர் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் நகர்ந்தது.

எச்.எம்.எஸ். ஜேசன் இந்தச் சொற்களின் நடுவே வாழ்ந்த கப்பல். 1892இல் பாரோ துறைமுகத்தில் நீரில் இறங்கிய 810 டன் ‘டார்ப்பிடோ பீரங்கிப் படகு’. எதிரியின் டார்ப்பிடோ படகுகளை விரட்டிப் பிடிப்பதே அதன் வேலை. ஆனால் அந்த வகைக் கப்பல்களுக்கு வேகம் போதவில்லை. அடுத்த ஆண்டே டெஸ்ட்ராயர்கள் வரத் தொடங்கின. பிறந்த வேலை கைவிட்டுப் போன இந்தப் படகுகள் பலவற்றைப் பிரிட்டிஷ் கடற்படை முதல் உலகப் போருக்கு முன்பே, கடற்கண்ணிகளை அகற்றும் கண்ணிவாரிகளாக மாற்றிக்கொண்டது.

மாற்றத் தூண்டியது கிழக்கே நடந்த ரஷ்ய-ஜப்பானியப் போர். 1904 ஏப்ரலில் போர்ட் ஆர்தர் எதிரே ரஷ்யப் போர்க்கப்பல் பெட்ரோபாவ்லோவ்ஸ்க் கண்ணியில் மோதி, அட்மிரல் மகாரோவுடன் மூழ்கியது. மறு மாதம் ஒரே நாளில் ஜப்பான் இரண்டு பெருங்கப்பல்களைக் கண்ணிக்குப் பறிகொடுத்தது. இதற்கு எதிர்வழி தேடிய பிரிட்டனுக்குக் கைகொடுத்தவர்கள் மீனவர்கள். 1907இல் கிரிம்ஸ்பி துறைமுகத்தின் இழுவைப் படகுகளைப் பார்த்த அட்மிரல் சார்லஸ் பெரஸ்ஃபோர்டு, கடலடியில் மடிவலை இழுக்கத் தெரிந்தவர்களுக்குக் கண்ணி இழுக்கவும் வரும் என்றார். அடுத்த ஆண்டு ஆண்டிஸ், அல்கோமா என்ற இரண்டு படகுகள் போர்ட்லாந்தில் அதைச் செய்து காட்டின. கம்பியின் கனமும் படகின் இழுப்பும் அவர்களுக்குப் புதிதல்ல. மடியில் சிக்கப்போவது மட்டுமே வேறு.

கண்ணியின் அமைப்பை அறிந்தால்தான் வாரியின் வேலை புரியும். கடலடியில் கிடக்கும் கனத்த அடித்தளத்திலிருந்து ஒரு கம்பிவடம் மேலே வரும். அதன் நுனியில், நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே, இரும்புக்கூடு மிதக்கும். அதில் நீட்டிக்கொண்டிருக்கும் ஈயக் கொம்புகளுக்குள் அமிலம் நிரம்பிய கண்ணாடிக் குழாய். கப்பல் இடித்தால் கொம்பு வளையும், குழாய் உடையும், அமிலம் ஓடி மின்சாரம் பிறக்கும், வெடிக்கும். அதை வார, இரண்டு கப்பல்கள் இணையாகப் போய் நடுவில் ஒரு கம்பியை இழுக்கும். கம்பியை வேண்டிய ஆழத்தில் அமிழ்த்தி வைக்க ‘பட்டம்’ என்ற கனத்த சட்டம் உண்டு. கண்ணியின் வடம் அந்தக் கம்பியில் மாட்டி அறுந்தால் கூடு மேலே வரும். துப்பாக்கியால் சுட்டு அழிப்பார்கள். வாரியின் அடிப்பகுதி கண்ணிக்கு மேலே கடக்க வேண்டும் என்பதால் ஓதம் ஏறிய நேரம் பார்த்து இறங்குவார்கள். அப்படியும் முதலில் ஆபத்தைக் கடப்பது வாரிதான், கம்பி பின்னால்தான் வரும்.

ஆங்கிலத்தில் இதைச் செய்யும் கப்பலின் பெயரில் ‘ஸ்வீப்’ என்ற வினை இருக்கிறது. துடைப்பத்தைக் கொண்டுபோய் அதில் பொருத்துபவர்கள் உண்டு. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே, தொலைந்த நங்கூரத்தைத் தேடிக் கடலடியில் கயிறு இழுப்பதற்கு மாலுமிகளிடம் அந்தச் சொல் இருந்தது. கண்ணிக்கு முன்பே கயிறும் அதன் பெயரும் தயார். ஆகவே ‘துடைப்பான்’ என்று தமிழாக்கியிருந்தால் தொழில் மறைந்திருக்கும். ‘வாரி’ அதைக் காட்டுகிறது: சீப்பு சிக்கைத் தேடித் தலைமுடிக்குள் போவதுபோல, கம்பி நீருக்குள் போகிறது. வாரி என்றால் கடல் என்ற பொருளும் தமிழில் இருப்பது தற்செயல்தான். எனக்கு மிகவும் பிடித்த தற்செயல்.

1914 செப்டம்பர் 3 அன்று ஹம்பர் முகத்துவாரத்துக்கு அப்பால் லிண்ட்செல் என்ற மீன்பிடிப் படகு ஜெர்மானியர் விதைத்த கண்ணியில் மோதியது. உதவிக்கு விரைந்த ஸ்பீடி, ஜேசனின் வகையைச் சேர்ந்த பீரங்கிப் படகு, தானும் கண்ணியில் பட்டு மூழ்கியது. ஜேசன் அதற்குப் பின்னும் போரின் பாதியைத் தாண்டித் தாக்குப்பிடித்தது. 1917 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் மேற்கே கோல் தீவருகே அதையும் ஒரு கண்ணி கொண்டுபோயிற்று. அதே ஆண்டு பிப்ரவரியில் வோல்ஃப் என்ற ஜெர்மன் கப்பல் கொழும்புக்கு வெளியே வைத்துவிட்டுப் போன கண்ணிகளில் ஊஸ்டர்ஷையர், பெர்சியஸ் என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் மூழ்கின.

கடலை விட்டுக் கரைக்கு வந்தால், ஈழத்தில் நிலத்துக் கண்ணிகளை எடுக்கும் வேலையை யாரும் வாருதல் என்று சொல்வதில்லை. அங்கே அது ‘கண்ணிவெடி அகற்றல்’. காலால் மிதிபடுவதற்கு ‘மிதிவெடி’ என்று தனிப்பெயரும் உண்டு. மண்டியிட்டு, மண்ணை விரலளவாகச் சுரண்டி, ஒவ்வொன்றாகக் கையால் எடுக்கும் வேலை அது. வாரிவிட முடிவது கடலில் மட்டும்தான்.