தசையும் உலோகமும்

முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கான மருத்துவங்களை வரிசையாக அடுக்கினால், ஒரு முனையில் தொடைத் தசைப் பயிற்சி இருக்கும். மறுமுனையில் மூட்டு மாற்று அறுவை. முன்னதைத் தொடக்க நிலைக்கும் பின்னதை முற்றிய நிலைக்கும் ஒதுக்கிவிடுவது வழக்கம். இரண்டையும் அருகருகே வைத்து எடைபோட்டால் இந்தப் பாகப்பிரிவினை நிலைக்கவில்லை.

முதல் ஒற்றுமையே வியப்புக்குரியது. தேய்ந்த குருத்தெலும்பை இரண்டுமே குணப்படுத்துவதில்லை. பயிற்சி அதை இருந்தபடியே விட்டுவைக்கிறது. அறுவை அதை எலும்பு முனையோடு சேர்த்துச் சீவி எடுக்கிறது. ஆயினும் இரண்டிலும் வலி குறைகிறது. குருத்தெலும்பில் நரம்பே இல்லை என்பதை நினைத்தால் புதிர் அவிழும். வலி எழுவது அடியிலுள்ள எலும்பிலும் மூட்டைச் சூழ்ந்த சவ்விலும்தான். வலுப்பெற்ற தசை மூட்டைத் தள்ளாடவிடாமல் பிடித்துக்கொள்கிறது; கோபால்ட்-குரோமிய உலோகமோ வலிக்கும் எலும்பு முகப்பையே மூடிவிடுகிறது.

எக்ஸ்ரே படத்தை இவை மதிக்கும் விதம் வேறு. 1957இல் கெல்கிரனும் லாரன்சும் வகுத்த தரவரிசைப்படி முற்றிய தேய்மானம் நான்காம் நிலை. பயிற்சி அந்த எண்ணைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. இரண்டாம் நிலையிலும் பலன் தருகிறது, நான்காம் நிலையிலும் தருகிறது. அறுவைக்கு அந்த எண் முக்கியம், ஆனால் நாம் அஞ்சும் திசையில் அல்ல. தேய்மானம் குறைவாக இருக்கும்போதே அறுவை செய்துகொண்டவர்களிடம்தான் பின்னால் மனக்குறை அதிகம்.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு டென்மார்க்கில் நடந்து 2015இல் வெளிவந்தது. அறுவைக்குத் தகுதியானவர்கள் என்று முடிவான 100 பேரில் பாதிப்பேருக்கு மூட்டு மாற்றமும் 12 வாரப் பயிற்சித் திட்டமும். மீதிப்பேருக்கு அதே திட்டம் மட்டும். அத்திட்டத்தில் உணவு ஆலோசனை, காலணிக்குள் வைக்கும் அட்டை, வலி மாத்திரை ஆகியவையும் அடங்கும். ஓராண்டு முடிவில், 100 புள்ளி அளவுகோலில் அறுவைப் பிரிவினர் 32.5 புள்ளி முன்னேறினர், மற்றவர்கள் 16. அறுவைக்கு இரு மடங்கு வெற்றி, ஐயமில்லை. ஆனால் கடுமையான பாதகங்கள் அறுவைப் பிரிவில் 24, மறுபிரிவில் 6. மூட்டு விறைப்பும் ரத்தக்கட்டும் அவற்றில் உண்டு. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: பயிற்சிப் பிரிவில் அந்த ஓராண்டுக்குள் அறுவையை நாடியவர்கள் 26 விழுக்காட்டினரே. கத்தியின் வாசல்வரை வந்தவர்களில் முக்கால்வாசிப்பேர் அவ்வாண்டில் உள்ளே போகவில்லை.

காலத்தைக் கையாள்வதில் இரண்டும் நேரெதிர். மூட்டு மாற்றம் ஒருமுறை செய்வது. முழு மூட்டு மாற்றங்களில் ஏறத்தாழ 82 விழுக்காடு 25 ஆண்டு தாங்குவதாக 2019இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு கணித்தது. பயிற்சியோ வாராவாரம் செய்ய வேண்டியது. நிறுத்தினால் பலன் கரையத் தொடங்கும். பணத்திலும் அப்படியே. செயற்கை மூட்டுக்கு மத்திய அரசு 2017இல் உச்சவரம்பு விதிக்க வேண்டியிருந்தது. பயிற்சிக்கு விலை குறைவு, அதனாலேயே விளம்பரப் பலகையும் இல்லை.

இவ்வளவு விலகி நிற்பவை தசையில் மீண்டும் சந்திக்கின்றன. அறுவை முடிந்த முதல் மாதத்தில் தொடையின் முன்புறத் தசை தன் வலுவில் பாதிக்கு மேல் இழக்கிறது. அறுவைக்கு முன் அது எவ்வளவு வலுவாக இருந்ததோ, அதைப் பொறுத்தே ஓராண்டுக்குப் பின் படியேறும் திறன் பெரிதும் அமைகிறது. அதாவது அறுவையைத் தவிர்க்கச் செய்யும் பயிற்சி, அறுவை தவிர்க்க முடியாமல் போனாலும் வீணாவதில்லை. வாங்கிய உலோகத்தை நடக்கவைப்பதும் அதே தசைதான்.

ஆகவே நான்காம் நிலைப் படம் கையிலிருந்தாலும், பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் மூன்று மாதம் முறையாகப் பயிற்சி செய்துவிட்டு அறுவையை முடிவு செய்வதே தக்கது. அதன் பிறகும் வலி இரவுத் தூக்கத்தைக் கெடுத்து, வீட்டுக்குள் நடப்பதையே தடுத்தால், அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம்.