கோஷா ஆஸ்பத்திரியும் ஒரு துளி இரத்தமும்

சென்னை சேப்பாக்கத்தில் உள்ள அரசு கஸ்தூர்பா காந்தி தாய்சேய் நல மருத்துவமனையை நம் பெரியவர்கள் இன்றும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே அழைக்கின்றனர். கோஷா என்றால் பர்தா. ஆண் மருத்துவரிடம் செல்ல நாணிப் பிரசவ வேதனையிலும் வீட்டுக்குள்ளேயே கிடந்த பெண்களுக்காக, மேரி ஷார்லீப் என்னும் பெண் மருத்துவர் 1885இல் தொடங்கிய மருத்துவமனை அது. முஸ்லிம் பெண்களும், சாதிக் கட்டுப்பாட்டால் வெளியே வராத இந்துப் பெண்களும் பெண் மருத்துவர்களிடமே சிகிச்சை பெறும் இடமாக அது வளர்ந்தது.

உலகெங்கும் கர்ப்பிணிகள் இன்று உட்கொள்ளும் ஃபோலிக் அமில மாத்திரையின் வரலாற்றில் இம்மருத்துவமனைக்கும் ஓர் இடம் உண்டு. அவ்வரலாறு நம் வீட்டுப் பெண்களின் வரலாறும் ஆகும்.

1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாயின் ஹாஃப்கின் ஆய்வு நிலையத்திற்கு வந்தார். துணி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளிடையே உயிர்கொல்லும் கடுமையான இரத்தசோகை காணப்பட்டது. அதன் காரணத்தைக் கண்டறிவதே அவரது பணி. நோயாளியிடமிருந்து சிறிது இரத்தம் எடுத்து, ஹீமோகுளோபின் எவ்வளவு, சிவப்பணுக்கள் எத்தனை, அவற்றின் அளவும் வடிவமும் எவ்வாறுள்ளன என்று அளந்தார். சாதாரண இரத்தசோகையில் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருக்கும். இப்பெண்களின் இரத்தத்திலோ சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, உருவில் பெருத்திருந்தன. இரும்புச்சத்துக் குறைவு மட்டும் காரணமன்று என்பதை அந்த அளவீடே காட்டியது.

அடுத்து அவர் அடுப்பங்கரையை ஆராய்ந்தார். வெவ்வேறு சமூகத்துப் பெண்கள் என்ன உண்கின்றனர் என்று கேட்டறிந்து ஒப்பிட்டார். உணவில் மிகுந்த குறைபாடும், நோய்க்கு மிகுதியாக ஆட்படும் நிலையும் ஏழை முஸ்லிம் பெண்களிடமே காணப்பட்டன. ஒரு நூற்றாண்டை நெருங்கும் இச்செய்தி இன்றும் நம் நெஞ்சைத் தைக்க வேண்டும்.

ஈஸ்டிலிருந்து எடுக்கப்படும் ‘மார்மைட்’ என்னும் மலிவான சாற்றை நோயாளிகளுக்குக் கொடுத்து மீண்டும் இரத்தத்தைச் சோதித்தார் வில்ஸ். சில நாட்களிலேயே புதிய சிவப்பணுக்கள் பெருகின, நோயாளிகள் தேறினர். 1931இல் இம்முடிவுகள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயின. அதே ஆண்டின் தொடக்கத்தில் அவர் பணியாற்றிய இடம் சென்னையின் கோஷா ஆஸ்பத்திரி. அதற்கு முன் குன்னூரின் பாஸ்டர் நிலையத்திலும் இவ்வாய்வை மேற்கொண்டிருந்தார்.

ஈஸ்டில் மறைந்திருந்த அப்பொருள் எதுவென்று அப்போது புலப்படவில்லை. ‘வில்ஸ் காரணி’ என்றே வழங்கப்பட்டது. 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பசலைக்கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் ‘ஃபோலிக் அமிலம்’ எனப் பெயரிட்டனர். 1945இல் அதைச் செயற்கையாக உருவாக்கிய ஆய்வுக்கூடத்தை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இவ்வரலாற்றில் மருத்துவர்களின் பெயர்கள் நிலைத்துவிட்டன. தம் இரத்தத்தைச் சோதிக்கக் கொடுத்த பெண்களின் பெயர்கள் ஏடுகளில் இல்லை. அவர்கள் நாணத்தையும் காத்தனர், உயிரையும் காத்தனர். பின்வரும் தலைமுறைகளுக்கும் நன்மை செய்தனர்.

இன்று நம் நிலை என்ன? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. இரத்தம் குறைந்தால் இதயம் விரைந்து துடித்து அக்குறையை ஈடுசெய்ய முயல்கிறது. குறை கடுமையானால் பிரசவ நேரத்தில் இதயமே தளர்ந்துவிடலாம். மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஹீமோகுளோபினையும் அளப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையலாகாது.

கருவேப்பிலங்குறிச்சி போன்ற சிற்றூர்களிலும் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை அரசு இலவசமாக வழங்குகிறது. எனினும், பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்ற பேச்சை நம்பி அதை அலமாரியில் போட்டுவைக்கும் வீடுகள் உண்டு. “இந்த மாதம் போகட்டும்” என்று சோதனையைத் தள்ளிப்போடும் மாமியார்களும், துணைக்கு வர நேரமில்லாத கணவர்களும் நம்மிடையே உள்ளனர். மாத்திரைக்கும் பிள்ளையின் நிறத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தேநீருடன் அதை விழுங்காமல், எலுமிச்சைச் சாற்றுடன் உட்கொண்டால் இரும்புச்சத்து நன்கு சேரும். கீரையை நெடுநேரம் கொதிக்கவைத்தால் அதிலுள்ள ஃபோலிக் சத்து வெகுவாகக் குறைந்துவிடும். ஊரின் பெயரிலேயே ஓர் இலையைத் தாங்கியவர்கள், தட்டில் விழும் இலையை ஒதுக்கலாமா?

கர்ப்பிணிக்கு நோன்பிலேயே சலுகை தந்த மார்க்கம் நம்முடையது. தாயின் உடல்நலம் அம்மார்க்கத்தில் எத்துணை மதிப்புடையது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. விருத்தாசலம் அரசு மருத்துவமனைக்கு மனைவியை, மகளை, மருமகளை அழைத்துச் செல்லும் ஒரு காலைப்பொழுதும் இறைவனிடம் கூலிக்குரிய நற்செயலே.

நம் தாய்மார்களுக்கும் அவர்கள் சுமக்கும் சிசுக்களுக்கும் வல்ல அல்லாஹ் பூரண உடல்நலத்தை அருள்வானாக! ஆமீன்.